நாற்பது பாகைப் பற்றாக்குறை

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே என் கழுத்து நீங்கலாக அனைவரும் நலம். அங்கே நீங்களும், என் தங்கையும், உங்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியும், அதன் இரண்டு கார்களும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதவில்லை என்பதற்கு என் மனைவி சாட்சி, பக்கத்தில்தான் நிற்கிறாள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பாவின் பணி ஓய்வுப் பாராட்டுக் கூட்டத்தில் நீங்கள் பின்னாலிருந்து "மச்சான், போட்டோவுக்கு வாங்க" என்று கூப்பிட்டீர்கள் என்றும், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்றும், மறுபடியும் கூப்பிட்டதற்குக் கண்ணை மட்டும் உருட்டி முறைத்தேன் என்றும் உறவில் ஒருவர் விடாமல் சொல்லி வருகிறீர்கள். சாட்சியாக அந்தப் படத்தையும் குடும்பக் குழுவில் போட்டிருக்கிறீர்கள். நானும் பார்த்தேன். சுவரோரம் நம் குடும்பமே நின்று சிரிக்கிறது. படத்தின் ஓரத்தில், முன்வரிசை நாற்காலியில், நான் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். என் இரண்டு கருவிழிகளும் ஒரே மூலையில் போய் ஒதுங்கியிருக்கின்றன. பார்க்கிறவர்களுக்கு அது முறைப்பாகத் தெரிந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து என் தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வதில்லை. நான் செய்தால், "அவர் பக்கத்துல இருக்கார், அப்புறம் பேசறேன்" என்கிறாள். அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. போன வாரம் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்தது: "அவர் மனசு ஆறுற மாதிரி ஒரு விளக்கம் எழுது. எழுதினாத்தான் உன் வீட்டு வாசப்படி மிதிப்பேன்." ஆகவே எழுதுகிறேன். உங்கள் மனம் ஆறுமா என்று தெரியாது. கணக்கு சரியாக இருக்கும்.

நான் நில அளவைத் துறையில் தலை நரைத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கோணம் அளப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் என் உடம்பிலேயே ஒரு கோணம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் ஜன்னலோர மேசை காலியானபோது அது எனக்கு வர வேண்டியது. என்னிடம் குறிப்பு வாங்கிப் படித்துத் துறைத் தேர்வில் தேறிய ஒருவருக்குப் போனது. எனக்கு மூலை கிடைத்தது. அங்கே வாசல் வலப்பக்கம், ஆட்கள் வருவது வலப்பக்கம், தேநீர் வருவது வலப்பக்கம். இடப்பக்கம் ஒரு சுவர், அதில் ஒரு நாட்காட்டி. அந்த நாட்காட்டிக்காகக் கழுத்தைத் திருப்பும் மனிதன் உண்டா? திருப்பவில்லை. அதனால் என் கழுத்தின் இடப்பக்கம் எனக்கு முன்பே பணி ஓய்வு பெற்றுவிட்டது. அதற்குப் பாராட்டுக் கூட்டம் எதுவும் நடக்கவில்லை.

உங்கள் படம் வெளியானதும் என் மனைவி என்னை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் இழுத்துக்கொண்டு போனாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, குறுகலான மாடிப்படி ஏறினால் ஓர் அறை. மூலையில் ஒரு எலும்புக்கூடு கொக்கியில் தொங்குகிறது. அதன் கழுத்து என் கழுத்தைவிட நன்றாகத் திரும்புகிறது. பிசியோ ஒரு பெண்மணி, சின்ன வயது, குரல் மட்டும் தலைமையாசிரியை குரல். பள்ளிக்கூடக் கோணமானிக்கு இரண்டு கை முளைத்தது போன்ற ஒரு பிளாஸ்டிக் சாதனத்தை எடுத்து, அதன் நடுவை என் உச்சந்தலையில் வைத்தார். ஒரு கை தோளுக்கு இணையாக, இன்னொரு கை மூக்கின் நேராக.

"நேரா பாருங்க சார். இதுதான் ஜீரோ."

எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம், ஜீரோன்னா வடக்கு. உங்க ஜன்னல்தான் வடக்கு. நான் இப்ப பாக்கறது கிழக்கு. இது தொண்ணூறு."

"இங்க உங்க மூக்குதான் வடக்கு சார்."

"மூக்கு நகருமே. நகர்ற பொருளை வச்சுக்கிட்டு எப்படி அளக்கறது?"

"அது எவ்வளவு நகருதுன்னு பாக்கத்தானே வந்திருக்கீங்க. பேசாம தலையைத் திருப்புங்க."

வலப்பக்கம் திருப்பினேன். எழுபது பாகை. இந்த வயதுக்குப் பரவாயில்லை என்றார்; நல்ல கழுத்து எண்பது வரை போகுமாம். இடப்பக்கம் திருப்பினேன். சாதனம் இருபத்தைந்தில் நின்றது. நான் என் மட்டில் கதவு வரை திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி எட்டிப் பார்த்து, "இன்னும் எலும்புக்கூட்டைக்கூடத் தாண்டலைங்க" என்றாள்.

பிறகு அந்தப் பெண்மணி எலும்புக்கூட்டை வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். தோளும் இடுப்பும் பந்து போன்ற மூட்டுகள். எல்லாப் பக்கமும் அசையும், உள்ளேயும் வெளியேயும் சுழலும். முழங்கை கதவுக் கீல் மாதிரி. ஆனால் அதற்குக் கீழே இரண்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று புரள்வதால் உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புகிறோம். முழங்கால் மடங்கியிருந்தால் மட்டும் கொஞ்சம் சுழலும். கழுத்தில் ஏழு எலும்புகள். திரும்புகிற வேலையில் ஏறக்குறையப் பாதியை மேலே இருக்கும் இரண்டும் சேர்ந்து செய்துவிடுகின்றன, மீதியைக் கீழே உள்ளவை பங்கு போட்டுக்கொள்கின்றன. இதைக் கேட்டதும் எனக்கு உடம்பின் மேல் மரியாதை வந்தது. மேலே இருப்பவர்கள் பாதி வேலை செய்யும் ஓர் அமைப்பை என் வாழ்நாளில் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

இனி வருவதை உங்களிடம் மறைத்திருக்கலாம். என் மனைவி எப்படியும் சொல்லிவிடுவாள் என்பதால் நானே சொல்கிறேன். என்னைப் படுக்க வைத்து, தலையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, அந்தப் பெண்மணி தானே மெதுவாக இடப்பக்கம் திருப்பினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எங்க?"

"நீங்க திருப்பற இடத்துல."

"அறுபது வந்திருக்கு சார். நீங்களா திருப்பினா இருபத்தஞ்சு, நான் திருப்பினா அறுபது. அப்போ மூட்டு பூட்டிக்கல. உங்க தசைதான் விட மாட்டேங்குது. எதையோ இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கீங்க."

"எதை?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

என் மனைவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "அவர் எதைத்தான் விட்டார், இதை விடறதுக்கு" என்றாள். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் படுத்திருந்தேன்; என் தலை இன்னொருவர் கையில் இருந்தது; என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

மாப்பிள்ளை, இந்த அறுபதைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வாதாட வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். என் பதில் இதுதான். அடுத்தவர் பிடித்துத் திருப்பினால் எவ்வளவு திரும்பும் என்பது திருப்புகிறவரின் கணக்கு. கூட்டத்தில் என் தலையை யாரும் கையில் ஏந்திக்கொண்டிருக்கவில்லை. ஆகவே என் பெயரில் இருப்பது இருபத்தைந்து மட்டுமே.

அளவு கையில் வந்தபின் அடுத்த கேள்வி: நீங்கள் எத்தனை பாகையில் நின்றீர்கள்? இதை ஊகமாகச் சொல்ல என் தொழில் இடம் தராது. அதனால் ஒரு பிற்பகல் கோணம் அளக்கும் அலுவலகக் கருவியையும் அதன் முக்காலியையும் எடுத்துக்கொண்டு அந்தக் கூட்ட அரங்குக்கே போனேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலி இருந்த இடத்தில் முக்காலியை ஊன்றினேன். மேடையில் மைக் இருந்த இடம் என் மூக்கின் திசை. அதை ஜீரோ என்று வைத்துக்கொண்டேன். பாருங்கள், அந்தப் பெண்மணியிடம் தோற்றதைக்கூட ஒளிக்காமல் எழுதுகிறேன். படத்தில் உங்கள் தோளுக்குப் பின்னால் தீயணைப்பு வாளி தெரிகிறது. அதை வைத்து உங்கள் இடத்தையும் குறித்தேன். அப்போது காவலாளி வந்தார்.

"என்ன சார் அளக்கறீங்க? ரோடு அகலப்படுத்தறாங்களா?"

இங்கேதான் தப்பு நடந்தது. "இல்லை, என் மாப்பிள்ளை நின்ற இடத்தைப் பார்க்கிறேன்" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் சொல்லிப் பழகிய பதில் தானாக வாயில் வந்துவிட்டது.

"இப்ப எதுவும் சொல்ல முடியாது. மேலதிகாரிங்க முடிவு பண்ணுவாங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் அப்போதே திருத்தியிருப்பேன். அவர் என் இடப்பக்கம் நின்றார்.

மீதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காவலாளி அரங்கச் செயலாளரிடம் சொல்ல, செயலாளர் எதிரே இருக்கும் தையற்காரரிடம் சொல்ல, தையற்காரர் பக்கத்து மைதானத்தில் கார் பழக்கிக்கொண்டிருந்த உங்களிடம் வந்து, "அரங்கு பாதி போகுதாம், உங்க மைதானம் முழுசா போகுதாம், அளந்துட்டுப் போனது உங்க மச்சான்தானாம்" என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் நேராக என் மேலதிகாரியிடம் போனீர்கள். குடும்ப விஷயத்தை அங்கே கொண்டுபோகும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தார்.

"துறையோட கருவியை எடுத்துட்டுப் போய் என்ன அளந்தீங்க?"

"என் மாப்பிள்ளை நின்ன இடத்தை, சார்."

"எதுக்கு?"

"அவரை நான் பாத்திருக்க முடியாதுன்னு நிரூபிக்க, சார்."

ஜன்னலோர மேசைக்காரர் கோப்பு ஒன்றை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார், கோப்பு குலுங்கியது. அன்றிலிருந்து கருவி அறையின் சாவி அவரிடம் இருக்கிறது. நான் கேட்டால், "மாப்பிள்ளை யாராச்சும் நிக்கறாங்களா சார்?" என்று விசாரித்துவிட்டுத்தான் தருகிறார்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. தினமும் காலையில் நேராக உட்கார்ந்து, இடப்பக்கம் உள்ள ஒரு பொருளைப் பார்க்கும்படி கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பழகச் சொல்லியிருந்தார் பிசியோ. எங்கள் வீட்டில் இடப்பக்கம் பார்க்கத் தகுந்த ஒரே பொருள் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை. நான் திரும்புகிறேன், நிறுத்துகிறேன், மறுபடி திரும்புகிறேன், வலியில் முகத்தைச் சுளிக்கிறேன். நாலாம் நாள் அந்த வீட்டம்மா என் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரருக்கு எங்க வீட்ல என்னங்க வேணும்? பாக்கறாரு, பிடிக்காத மாதிரி மூஞ்சியை வச்சுக்கிறாரு, திரும்பவும் பாக்கறாரு" என்று கேட்டிருக்கிறார். இப்போது அங்கே தடிமனான திரை தொங்குகிறது. பார்க்க ஒன்றும் இல்லாததால் கழுத்துக்கும் ஊக்கம் குறைந்துவிட்டது.

இனிக் கணக்கு. மேடையை நோக்கிய என் மூக்கிலிருந்து இடப்பக்கமாகப் பின்னால் நீங்கள் நின்ற இடம் நூற்றுப் பத்து பாகை. உங்களுடைய நல்ல கழுத்தே தனியாக அவ்வளவு தூரம் போகாது. என் கழுத்தின் பங்கு இருபத்தைந்து. கண்ணை மூலை வரை ஓட்டினால் இன்னும் முப்பத்தைந்து. ஓட்டினேன், அதைத்தான் முறைப்பு என்று படம் பிடித்து வைத்திருக்கிறீர்கள். உங்களைப் பார்க்க நான் செய்த முயற்சியின் உச்சம் அது. அடுத்தது இடுப்பு. நாற்காலிகளை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாக முடுக்கி வைத்திருந்தார்கள். அதோடு சித்தப்பாவின் ஏற்புரை கொஞ்சம் நீண்டுவிட்டதால் பெரிய அத்தை என் இடத்தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் தலையை வைத்துக்கொண்டு என்னால் திருப்ப முடிந்தது பத்து. எல்லாம் சேர்த்து எழுபது. தேவைப்பட்டது நூற்றுப் பத்து. நீங்கள் மரியாதைக் குறைவு என்று ஊரெல்லாம் சொல்லிவருவது, உண்மையில் நாற்பது பாகைப் பற்றாக்குறை.

"எழுந்து நின்னு திரும்பியிருக்கலாமே" என்று நீங்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எழுந்திருந்தால் அத்தை விழுந்திருப்பார். அத்தையைத் தள்ளிவிட்டவன் என்ற பெயர், உங்களைப் பார்க்காதவன் என்ற பெயரைவிட எந்த வகையில் மேல்? அதோடு, மச்சான் என்று கூப்பிட்டால் திரும்ப வேண்டியவர்கள் அந்த அரங்கில் ஒரு டஜன் பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. நாளெல்லாம் அடுத்தவர் கழுத்தைத் திருப்பச் சொல்லிச் சம்பாதிப்பவர் நீங்கள். "கண்ணாடியை மட்டும் நம்பாதே, தோளுக்கு மேல திரும்பிப் பாரு" என்று உங்கள் குரல் தெருமுனை வரை கேட்கும். எனக்கும் ஒரு காலத்தில் கார் பழக்கினீர்கள். நான் பின்னால் எடுத்தபோது உங்கள் பள்ளியின் பெயர்ப் பலகையைச் சாய்த்துவிட்டேன். அதை ஒவ்வொரு குடும்ப நிகழ்ச்சியிலும், கையால் நடித்துக் காட்டி, பலகை விழுந்த சத்தத்தையும் வாயால் போட்டுக் காட்டிச் சொல்கிறீர்கள். அந்தப் பலகை எந்தப் பக்கம் இருந்தது? இடப்பக்கம். அன்றைக்கே உங்களைப் போன்ற தேர்ந்த ஆசிரியர் என் கழுத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கண்டுபிடித்திருந்தால் பலகையும் பிழைத்திருக்கும், நம் உறவும் பிழைத்திருக்கும். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நினைவில் மட்டும் வைத்திருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது அதிகமில்லை. நான் உங்களை அவமதித்தேன் என்று யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடம், அது கழுத்தின் குறை என்று ஒரு முறை சொல்லிவிடுங்கள். குடும்பக் குழுவில் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினால்கூடப் போதும். உங்கள் மைதானத்தை யாரும் எடுக்கவில்லை; அலுவலக வரைபடத்தில் பார்த்ததில் அது ஒழுங்கான செவ்வகம் என்று தெரிந்தது, அதற்கு என் பாராட்டுகள். என் தங்கையை ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய விடுங்கள். அவள் பேசுவதைக் கேட்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியதில்லை. அந்த ஒரு வேலையாவது என்னால் முழுசாகச் செய்ய முடிகிறது.

உங்களுக்கு நீண்ட ஆயுளும், கார்களுக்கு நல்ல பிரேக்கும், உங்களிடம் பழகுகிறவர்களுக்கு எல்லாப் பக்கமும் திரும்பும் கழுத்தும் வாய்க்கட்டும். என் தங்கைக்கு அண்ணன், அண்ணியின் ஆசிகள். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். உங்களையும் விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
திரும்ப இயலாதிருந்த,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மேலே எழுதியதை மடிக்கப் போனபோது எனக்குப் பின்னால், இடப்பக்கம் வாசலிலிருந்து, "அண்ணா" என்று குரல் கேட்டது. நான் திரும்பினேன். நாற்காலி நகரவில்லை, நான் எழுந்திருக்கவில்லை, யாரும் என் தலையைப் பிடிக்கவில்லை. கழுத்துக்குள் எங்கோ ஒரு சொடக்கு விழுந்தது, அவ்வளவுதான். என் தங்கை கையில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தாள். "நீ எழுதி முடிக்கறதுக்குள்ள எனக்கு வயசாயிடும்னு நானே கிளம்பி வந்துட்டேன்" என்றாள். என் மனைவி, "ஏங்க, இப்ப எத்தனை டிகிரி?" என்று கேட்டாள். தங்கை கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே படித்தாள். அத்தை தூங்கிய இடத்தில் சிரித்தாள். கணக்கு வந்த இடத்தில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அப்போ அவர் கூப்பிட்டா இருபத்தஞ்சு, நான் கூப்பிட்டா எண்பதா?"

இதற்கும் ஒரு விளக்கம் இருக்கும். யோசித்து எழுதுகிறேன். இப்போது யோசிக்க முடியாத நிலை, ஏனென்றால் திரும்பிய கழுத்து திரும்பிய இடத்திலேயே பிடித்துக்கொண்டது. நேராக வர மறுக்கிறது. பிசியோவுக்குப் போன் செய்தோம். "திரும்பிடுச்சா? அதுதான் சார் வேணும். அப்படியே இருங்க, சாயங்காலம் வர்றேன்" என்கிறார். தாளைத் தோளுக்குப் பக்கத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வரிகள் சரிந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கழுத்து நேராகும் வரை இங்கேயே இருப்பதாகத் தங்கை சொல்லிவிட்டாள். அவசரம் ஒன்றும் இல்லை என்று நானும் சொல்லிவிட்டேன். என்னால் பார்க்க முடிகிற ஒரே இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போட்டிருக்கிறாள். அதைப் போட்டது நான் இல்லை என்பதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நீங்கள் இன்றே வந்து அதில் உட்கார்ந்தால், உங்கள் முகத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி கிடையாது.